ஷுஜின் பள்ளிக்குப் போகும் வழி: ஒரு டோக்கியோ நாட்குறிப்பு

2024 ஏப்ரல் 9, செவ்வாய் - சாங்கென்ஜாயா

'பெர்சோனா 5 ராயல்' என்ற வீடியோ விளையாட்டின் நாயகன் டோக்கியோவுக்கு வந்து சேர்வது ஓர் ஏப்ரல் 9ஆம் தேதி. அதே தேதியில் நானும் வந்து இறங்க வேண்டும் என்பதற்காகவே அலுவலகத்தில் இந்த வாரத்தைக் கேட்டு விடுப்பு வாங்கினேன். பகலில் கதை நடக்கும் இடங்களைச் சுற்றிப் பார்ப்பது. இரவில் அறைக்குத் திரும்பி, அன்றைய தேதி முடியும் வரை மட்டும் விளையாடுவது. முதல் அத்தியாயம் இந்தத் தாளகதிக்கு ஒத்துவரும்.

இதை விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்லஸ் நிறுவனம் 2016 செப்டம்பரில் ஜப்பானில் வெளியிட்ட விளையாட்டு 'பெர்சோனா 5'. அதன் விரிவாக்கம்தான் 2019இல் வந்த 'ராயல்'. ஒரு பெண்ணிடம் அத்துமீறிய குடிகாரனைத் தடுக்கப் போன பள்ளி மாணவன் மீதே வழக்கு விழுகிறது. பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறான். ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில், முன்பின் தெரியாத ஒருவரின் பொறுப்பில் டோக்கியோவுக்கு அனுப்பப்படுகிறான். பகலில் வகுப்பு, மாலையில் ஊர், இடையிடையே கெட்ட மனிதர்களின் மனத்துக்குள் எழுந்து நிற்கும் மாளிகைகளில் புகுந்து போர். முதல் மாளிகை ஒரு வாலிபால் பயிற்சியாளருடையது.

வந்து இறங்கியபோது பேய்க்காற்று. ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு நடந்த சிறிது தூரத்திலேயே ஊரிலிருந்து கொண்டுவந்த குடை கம்பி உடைந்து போயிற்று. மூலைக் கடையில் எல்லோரும் வைத்திருக்கும், கண்ணாடி போன்ற அந்த பிளாஸ்டிக் குடையை 700 யென் கொடுத்து வாங்கினேன். நம் கணக்கில் 385 ரூபாய் வரும். கடைப் பையன் உறையைக் கிழித்து, விலைச்சீட்டை நறுக்கி, உடனே விரிக்கும் நிலையில் கையில் தந்தான். கேட்காமலே செய்த அந்தச் சிறு உதவி இந்த ஊரைப் பற்றிய முதல் நல்லெண்ணமாக மனத்தில் நின்றுவிட்டது.

விளையாட்டில் இந்தப் பகுதிக்கு யோங்கென்ஜாயா என்று பெயர். நெடுஞ்சாலை 246, அதன் தலைக்கு மேல் விரைவுச்சாலை, செங்கல் நிறத்தில் கேரட் டவர் என்னும் உயர்ந்த கட்டடம். இதெல்லாம் பெரிய நகரத்தின் முகம். நெடுஞ்சாலை 246உம் செதாகயா சாலையும் பிரியும் இடத்தில் முக்கோணமாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது. உள்ளே இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள், ஆறேழு பேர் மட்டும் அமரக்கூடிய மதுக்கடைகள், தலைக்கு மேல் தொங்கும் மின்கம்பிக் கற்றைகள். போருக்குப் பிந்தைய கள்ளச்சந்தையிலிருந்து வளர்ந்த பகுதி இது. திரையில் நான் பார்த்த சந்துகளின் ஈரமும் மங்கல் விளக்கும் இங்கிருந்துதான் போயிருக்கின்றன.

இரவு விளையாடியது அதிகமில்லை. லெப்லாங்க் என்ற காபிக் கடையின் மாடியில், பழைய சாமான்கள் குவிந்த பரணில் அவனுக்கு இடம் தருகிறார்கள். கடைக்காரர் சோஜிரோ வரவேற்பு சொல்வதில்லை. வம்பு செய்தால் வெளியே தள்ளிவிடுவேன் என்கிறார். அவன் பதில் பேசாமல் தூசி துடைக்கிறான்.

ஏப்ரல் 10, புதன்

புயல் போய்விட்டது. செர்ரி மரங்களில் எஞ்சியிருந்த பூக்கள் நடைபாதையில் ஒட்டிக் கிடந்தன.

லெப்லாங்க் போன்ற பழைய பாணி காபிக் கடையைத் தேடிப் போய் ஒன்றில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு முதியவர்தான் எல்லாம். ஒரு காபி 600 யென், சுமார் 330 ரூபாய். விலையைக் கேட்டால் திடுக்கிடும். ஆனால் அந்த மனிதர் அதைச் செய்வதைப் பார்த்தால் கணக்குப் பார்க்கத் தோன்றாது. கீழே கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் கொதிக்கிறது. ஆவியின் அழுத்தத்தில் அது குழாய் வழியே மேல் குடுவைக்கு ஏறுகிறது. அங்கே காபித்தூளைப் போட்டு மூங்கில் பட்டையால் இரண்டே சுற்றுச் சுற்றி விட்டுவிடுகிறார். அடுப்பை விலக்கியதும் கீழ்க்குடுவை குளிர்ந்து, காபி துணி வடிகட்டி வழியாக இறங்கி வருகிறது. கடைசிச் சொட்டு இறங்கும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடித்தேன். முதல் வாய் கசந்தது. ஆற ஆறப் புளிப்பும் இனிப்புமாக மாறியது.

விளையாட்டில் இன்று ஞாயிறு. சோஜிரோ அவனைத் தன் காரில் ஷுஜின் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். முதல்வர் நாற்காலியிலிருந்து எழுவதில்லை. உன்னைச் சேர்த்துக்கொண்டதே பெரிய தயவு, ஒரு தவறு செய்தாலும் வெளியே போக வேண்டியதுதான் என்ற தோரணை. இந்த முதல்வருக்குத் தன் பள்ளியில் நடக்கும் ஒன்று நன்றாகத் தெரியும், தெரிந்தே இருக்கிறார் என்பது இந்த நேரத்தில் நமக்குத் தெரியாது. முன்பே ஒருமுறை விளையாடியிருப்பதால் எனக்குத் தெரியும். அவர் கண்டிப்பாகப் பேசப் பேச உடம்பு எரிந்தது.

ஏப்ரல் 11, வியாழன் - ஷிபுயா

நாயகன் முதல் நாள் பள்ளிக்குப் போகும்போது ஷிபுயாவில் இறங்கி கின்சா பாதை ரயிலைத் தேடி அலைகிறான். வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து மாடி ஏறி இறங்க வேண்டும். விளையாட்டின் முதல் புதிரே அந்த நிலையம்தான். உண்மையில் சாங்கென்ஜாயாவிலிருந்து வரும் டென்-என்-தோஷி பாதை ரயில்கள் ஷிபுயாவோடு முடியாமல் ஹன்சோமோன் பாதையாக மாறி நேரே அவோயாமா-இத்சோமேவுக்கே போகின்றன. பையன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் போதும். விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. ஊருக்குப் புதியவன் கூட்டத்தில் தொலைந்து நிற்பதை நாம் அனுபவிக்க வேண்டும் என்று வேண்டுமென்றேதான் இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நானும் இறங்கினேன். விளையாட்டில் வரும் கின்சா நடைமேடை இப்போது இல்லை. 2020 ஜனவரியில் அதைக் கிழக்கே தள்ளிப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். நிலையம் முழுக்கத் தகரத் தடுப்புகள், தற்காலிகப் படிகள், அம்புக்குறிகள். அம்பைப் பின்பற்றிப் போனால் இன்னொரு அம்பு. அலுவலகம் போகும் ஒரு நடுவயதுப் பெண்மணி நான் இரண்டாம் முறை அதே தூணருகே வந்து நிற்பதைப் பார்த்துவிட்டார். எனக்கு ஜப்பானிய மொழியில் நாலு வார்த்தை தெரியும். அவருக்கு ஆங்கிலம் அதற்கும் குறைவு. "கின்சா?" என்றார். தலையாட்டினேன். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்து, டிக்கெட் வாயில் வரை கொண்டுபோய் விட்டு, எனக்கு முன்பாக அவரே குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பி ஓடினார். தன் ரயிலை அவர் நிச்சயம் தவறவிட்டிருப்பார்.

மாலையில் நாற்சந்தியைக் கடக்கும் கூட்டத்தில் நின்றேன். விளையாட்டில் காலம் உறைந்து நீலத் தீ எழும் இடம். எல்லோர் கையிலும் உயர்த்திய போன். புதிதாகப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் தோள்பட்டை தொங்கும் புதுச் சீருடையில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள்; இங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வளர்ந்துவிடுவான் என்று பெரிய அளவில் தைத்துக் கொடுக்கும் அம்மாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இரவு விளையாட்டு. காலை உணவாகச் சோஜிரோ கறிச்சோறு தருகிறார். நேற்றுவரை முறைத்த மனிதர் தட்டை வைத்துவிட்டு, சீக்கிரம் சாப்பிட்டுக் கிளம்பு என்று மட்டும் சொல்கிறார். பிறகு மழை. பள்ளிக்கு அருகே ஒரு கடையோரம் ஒதுங்கி நிற்கிறான். பக்கத்தில் ஆன் தகமாகி என்ற மாணவி. ஒரு கார் வந்து நிற்கிறது. கண்ணாடியை இறக்கிச் சிரித்த முகத்தோடு, வா, பள்ளியில் விடுகிறேன் என்கிறார் வாலிபால் பயிற்சியாளரான ஆசிரியர் கமோஷிதா. ஆன் ஏறுகிறாள். கார் கிளம்பும் ஒரு கணம் அவள் முகத்தில் சிரிப்பு அணைந்து போவதைக் காட்டுகிறார்கள். வசனம் ஏதுமில்லை. இந்த அத்தியாயத்தின் முழுக் கதையும் அந்த ஒரு கணத்துக்குள் இருக்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

காலில் கொப்புளம். பகல் முழுக்க அறையில் இருந்தேன். மூலைக் கடையில் வாங்கிய சோற்று உருண்டைகளே உணவு.

விளையாட்டில் கோட்டைக்குள் இரண்டாம் முறை. பள்ளியைக் கமோஷிதா தன் மனத்துக்குள் கோட்டையாகப் பார்க்கிறார். அவர் அங்கே அரசர், மாணவர்கள் அடிமைகள். நிலவறையில் வாலிபால் அணியின் பையன்களை வதைக்கும் கூடத்துக்கு 'அன்பின் பயிற்சிக்கூடம்' என்று பெயர்ப்பலகை. ர்யூஜி என்ற மாணவன் ஒரு காலத்தில் ஓட்டப்பந்தய வீரன். கமோஷிதாவின் கொடுமை அவன் காலையும் அந்த அணியையும் சேர்த்து அழித்திருக்கிறது. திருப்பி அடித்ததற்காகப் பள்ளி முழுவதும் அவனைத்தான் ரவுடி என்கிறது. வதைபடும் பையன்களின் முகங்களை அவன் மனப்பாடம் செய்துகொள்கிறான், சாட்சி சொல்லக் கூப்பிடுவதற்காக.

ஏப்ரல் 13, சனி - கொமசாவா

கவாசாகியில் வேலை பார்க்கும் தம்பி வந்தான். இந்த விளையாட்டை எனக்கு முன்பே முடித்தவன் அவன். "அக்கா, இன்றைக்கு விளையாட்டில் வாலிபால் போட்டி நாள்தானே? அப்படியானால் நீ பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது" என்று அடுத்த நிலையத்துக்குக் கூட்டிப் போனான். கொமசாவா ஒலிம்பிக் பூங்கா.

அகலமான கல் பாவிய திடல், நடுவில் அடுக்கடுக்கான கான்கிரீட் கோபுரம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் வாலிபால் போட்டிகளில் பல இந்த வளாகத்தில் நடந்தன. ஒலிம்பிக்கில் வாலிபால் இடம்பெற்றதே அதுதான் முதல் முறை. அக்டோபர் 23 அன்று ஜப்பான் பெண்கள் அணி சோவியத் அணியை 3-0 என்று வென்று தங்கம் பெற்றது. அன்றைய தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பார்த்தவர்களின் அளவு 66.8 சதவீதம். நாடே அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரும்பாலோர் நிச்சிபோ நூற்பாலையின் ஊழியர்கள். பகலில் வேலை, பிறகு நள்ளிரவு வரை பயிற்சி. பந்தை எடுக்கப் பாய்ந்து, தரையில் உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்கும் முறையை அவர்கள்தான் உலகத்துக்குக் காட்டினார்கள். பயிற்சியாளர் ஹிரோபூமி தைமத்சுவை மக்கள் 'அசுரன் தைமத்சு' என்று அழைத்தார்கள், பெருமையாகவே.

அவரையும் கற்பனைப் பாத்திரமான கமோஷிதாவையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் கதையில் கமோஷிதா ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர், அதுவும் வாலிபாலில். ஓட்டப்பந்தயமோ நீச்சலோ என்று வைத்திருக்கலாம்; வைக்கவில்லை. கடுமைதான் தங்கம் தரும் என்று ஒரு நாடே நம்பத் தொடங்கிய விளையாட்டு எதுவோ அதையே எடுத்திருக்கிறார்கள். அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தம்பியிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் நடந்தான். "ஒசாகா விஷயம் தெரியுமா அக்கா?" என்றான். 2012 டிசம்பரில் ஒசாகாவின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து அணியின் தலைவனாக இருந்த 17 வயதுப் பையன், பயிற்சியாளரின் அடிகளுக்குப் பின் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பயிற்சியாளருக்கு அடுத்த ஆண்டு நீதிமன்றம் ஓராண்டுச் சிறை விதித்து, அதையும் நிறுத்திவைத்தது. ஆசிரியர் மாணவரை அடிப்பதை ஜப்பானின் கல்விச் சட்டம் 1947இலேயே தடை செய்துவிட்டது. அந்த மரணம் நடந்து சில வாரங்களில், தேசியப் பயிற்சியாளர் தங்களை அடிக்கிறார் என்று 15 ஜூடோ வீராங்கனைகள் கொடுத்திருந்த புகார் வெளியே வந்தது. அட்லஸ் இந்த விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தது இப்படிப்பட்ட ஆண்டுகளில்.

திடலின் ஓரத்தில் முழங்கால் உறை அணிந்த ஒரு சிறுமி சுவரில் பந்தை அடித்து எடுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். தவறவிட்ட பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது. தம்பி எடுத்துக் கொடுத்தான். இரண்டு கைகளாலும் வாங்கி, இடுப்பு வளையக் குனிந்து நன்றி சொன்னாள்.

மதியம் ராமென், ஆளுக்கு 950 யென். தம்பியே கொடுத்துவிட்டான்.

இரவு இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஆசிரியர்களும் மாணவர்களும் மோதும் போட்டியில் கமோஷிதா அடித்த பந்து மிஷிமா என்ற பையனின் முகத்தில் விழுகிறது. அரங்கம் ஆரவாரிக்கிறது. போட்டி முடிந்ததும் ர்யூஜியும் நாயகனும் அணி மாணவர்களைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். காயம் எப்படி வந்தது? பயிற்சியில் பட்டது. கன்னம்? பயிற்சியில். ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. மிஷிமா மட்டும் ஒன்று சொல்கிறான்: முதல்வருக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும், எல்லோரும் பேசாமல்தான் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

செதாகயா டிராம். இரண்டு பெட்டிகள், எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 160 யென். வீடுகளின் பின்கட்டுகளை ஒட்டியே போகிறது. காயப்போட்ட துணி கைக்கு எட்டும் போலிருந்தது. கோதோகுஜி கோயிலில் கையை உயர்த்திய வெள்ளைப் பூனைப் பொம்மைகள் வரிசை வரிசையாக. பேசும் பூனை ஒன்று கதையில் வருவதால் போனேன். கூட்டம் அதிகம், சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

மாலையில் பொதுக் குளியலகம். விளையாட்டில் கட்டணம் 500 யென், இங்கே அன்று நான் கொடுத்தது 520. உடையில்லாமல் பலரோடு குளிப்பதற்கு எனக்கு நிறையத் துணிவு தேவைப்பட்டது. உள்ளே போனதும் தயங்கி நின்றேன். எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி சின்ன முக்காலியை என் பக்கம் நகர்த்தி, வாளியில் தண்ணீர் பிடித்துத் தன் தோளில் ஊற்றிக் காட்டினார். முதலில் இங்கே உட்கார்ந்து தேய்த்துக் குளி, பிறகுதான் தொட்டி என்று சைகை. தொட்டி நீரின் சூட்டில் என் கால் சிவந்தது. பாட்டி கழுத்துவரை அமிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்தால் என் கண்ணாடிக் குடையைக் காணவில்லை. எல்லாக் குடையும் ஒரே மாதிரி இருக்கும் ஊரில் யாரோ மாற்றி எடுத்துப் போயிருப்பார்கள். கல்லாவில் இருந்தவர் யாரோ மறந்து விட்டுப்போன இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

விளையாட்டில் ஆன் உடைந்து பேசும் நாள் இன்று. கமோஷிதா அவளைத் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறார். மறுத்தால் அவள் உயிர்த்தோழி ஷிஹோவுக்கு அணியில் இடமிருக்காது. ஆன் போகவில்லை. அதே மாலை, கமோஷிதா சொன்னதைத் தட்ட முடியாமல் மிஷிமா போய் ஷிஹோவை அவர் அறைக்கு வரச் சொல்கிறான். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 15, திங்கள் - அவோயாமா-இத்சோமே

பள்ளி இருப்பதாகக் கதை சொல்லும் நிலையம். மேலே வந்தால் அகலச் சாலை, அலுவலகக் கட்டடங்கள், கொஞ்ச தூரத்தில் ஜிங்கு கையென் மரச்சாலை. ஜின்கோ மரங்களில் விரல் நகமளவு பசுந்தளிர். வெயில் இதமாக இருந்தது. பள்ளி எதுவும் இல்லை என்று தெரிந்தும் சந்துகளில் நடந்தேன். சிவப்பு ஓட்டுக் கூரையோ கடை முகப்போ கண்ணில் பட்டால் நின்றேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இன்று மட்டும் பகலிலேயே விளையாடினேன்.

வகுப்பு நடக்கிறது. ஜன்னல் பக்கம் ஒருவன் கத்துகிறான். எல்லோரும் ஓடுகிறார்கள். மாடியின் விளிம்பில் ஷிஹோ நிற்கிறாள். அவள் விழுகிறாள், உயிர் பிழைக்கிறாள். தங்களுடன் யாராவது வர முடியுமா என்று ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்கும்போது ஆசிரியர்கள் பின்வாங்குகிறார்கள். மாணவர்கள் போனை உயர்த்திப் படம் பிடிக்கிறார்கள். ஆன் மட்டும் ஓடிப் போய்த் தூக்குப்படுக்கையின் அருகே குனிகிறாள். ஷிஹோ அவள் காதில் சொல்வது ஒரே பெயர்.

அதன்பின் ஆசிரியரின் அறையில் நிகழும் மோதல், நாயகன், ர்யூஜி, மிஷிமா மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவேன் என்ற மிரட்டல், மே 2 என்ற கெடு. கோட்டைக்குள் ஆன் தன் முகமூடியைக் கிழித்துக் கார்மென் என்னும் ஆற்றலை எழுப்பும் காட்சியில் உரக்கக் கத்தத் தோன்றியது. அந்தக் காட்சிக்காகவே இந்த விளையாட்டை எத்தனை பேரிடம் பரிந்துரைத்திருக்கிறேன்! ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுக்குத் தரும் போர் உடை உடலை இறுக்கிப் பிடிக்கும் சிவப்புத் தோல். ஒரு பெண்ணை உடலாக மட்டும் பார்த்தவனைத் தண்டிக்கும் கதை, அடுத்த நிமிடமே கேமராவை அவள் உடல்மீது மேய விடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் அவள் ஓவியருக்கு நிர்வாணமாக நிற்க வேண்டும் என்பதை நகைச்சுவையாக்குகிறார்கள். ஷிஹோவை எழுதிய கைதான் இதையும் எழுதியதா என்று மனம் கசக்கிறது.

எழுந்தபோது பெஞ்சின் மறுமுனையில் ஒரு முதியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நடுவில் வைத்துவிட்டு மறுபடி தாளில் மூழ்கிவிட்டார். உப்பும் இனிப்பும் கலந்த பிளம் மிட்டாய்.

ஏப்ரல் 16, செவ்வாய் - கடைசி இரவு

இனி விளையாட்டே தேதிகளை நம் கையில் தந்துவிடுகிறது. மே 2க்குள் எந்த நாளிலும் கோட்டையை முடிக்கலாம். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு நள்ளிரவு தாண்டியும் விளையாடினேன். கோட்டையின் உச்சியில் அரசனின் கிரீடம் இருக்கிறது. அதைப் பறித்து நிஜ உலகுக்குக் கொண்டுவந்தால் அது ஒலிம்பிக் பதக்கமாகிவிடுகிறது. முதல்வரை, பெற்றோரை, அடிபட்ட பிள்ளைகளைக்கூட வாயடைக்க வைத்தது அந்த உலோகத் துண்டுதான். அதனால்தான் கொமசாவாவில் அன்று என் கால் நகராமல் நின்றது.

மே 2. முழுப் பள்ளியும் கூடிய அரங்கில் கமோஷிதா மண்டியிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். செத்துப்போய் ஈடுகட்டுகிறேன் என்கிறார். ஆன் கூட்டத்திலிருந்து கத்துகிறாள்: ஓடாதே! ஷிஹோ இன்னும் உயிரோடு இருக்கிறாள், நீ தப்பித்துப் போக உனக்கு உரிமை கிடையாது. போலீசிடம் சரணடைகிறேன் என்கிறார் அவர்.

ஷிஹோ கண் விழிக்கிறாள். ஆனால் அவள் வேறு பள்ளிக்கு மாறப் போகிறாள் என்று ஆன் சொல்கிறாள். முதல்வர் அதே நாற்காலியில் இருக்கிறார். படம் பிடித்த பிள்ளைகள் அதே வகுப்பில் இருக்கிறார்கள். கமோஷிதா போன பிறகும் பள்ளியை விட்டுப் போக வேண்டியவள் அவள்தான். தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். "முதல்வரை ஏன் விட்டுவிட்டார்கள் என்றுதானே கேட்கிறாய்? மேலே விளையாடு அக்கா" என்று பதில் வந்தது. எனக்கு நினைவிருக்கிறது, அவர் கதையும் பிறகு வரும். ஆனாலும் ஷிஹோவின் இருக்கையை அவளுக்காக வைத்திருக்க அந்தப் பள்ளியில் யாரும் முன்வரவில்லை என்பது என் கோபமாகவே இருக்கிறது.